பத்தில் ஒரு பங்கு குதிரை

1

போன மாதம் என் அக்கா வீட்டுக்காரர் கலியபெருமாள் மாமா கடலூரிலிருந்து மெல்பர்னுக்கு வந்து இறங்கினார். விமானம் காலை ஆறரைக்கே தரை தொட்டுவிட்டது. அவரோடு வந்தவர்கள் எல்லாம் வண்டியைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்து, கட்டிப்பிடித்து, அழுது, கார் ஏறிப் போய்விட்டார்கள். எட்டு மணி தாண்டியும் மாமாவைக் காணோம்.

எட்டே முக்காலுக்கு வந்தார். காலில் செருப்பு சொட்டச் சொட்ட ஈரமாக இருந்தது.

"கழுவிக் குடுத்தாங்க மச்சான். நல்ல மனுசங்க" என்றார்.

விமானத்தில் ஒரு படிவம் கொடுப்பார்கள். கடந்த முப்பது நாளில் பண்ணை விலங்குகளோடு பழகினீர்களா என்று அதில் ஒரு கேள்வி உண்டு. அதைப் படம் எடுத்து வாட்ஸப்பில் அனுப்பி, எல்லாக் கட்டத்திலும் 'இல்லை' என்று டிக் அடிக்கும்படி முன்பே சொல்லியிருந்தேன். மாமா கால்நடை ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவர். கடைசியாக மேல்பட்டாம்பாக்கத்தில் வேலை பார்த்தார். ஓய்வு பெற்ற பிறகும் தெருவில் ஆடு மாடு வைத்திருப்பவர்கள் அவரைத்தான் கூப்பிடுகிறார்கள். புறப்படுவதற்கு முந்தின நாள்கூட ஒரு ஆட்டுக்குப் பிரசவம் பார்த்திருக்கிறார். அதனால் 'ஆம்' என்று போட்டுவிட்டார். தனியாக உட்கார வைத்து இரண்டு மணி நேரம் விசாரித்திருக்கிறார்கள்.

"இல்லன்னு போடச் சொன்னேனே மாமா."

"தொட்டுட்டு எப்பிடி மச்சான் இல்லன்னு போடுறது? அவுங்க ஒரு காரணத்துக்குத்தான கேக்குறாங்க."

கார் நெடுஞ்சாலைக்கு ஏறியதும் கண்ணாடி வழியே இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டே வந்தார். பிறகு, "குதிரைய எப்ப பாக்கப் போறோம்? அதுக்குத்தான் வந்தேன்னு வச்சிக்கயேன்" என்றார்.

மாமா, முதலில் நல்லா தூங்கி எழுந்திரிங்க, அது ரொம்ப தூரம் என்றேன். அந்தக் குதிரை செத்து அப்போது இரண்டு வருடம் ஆகப்போகிறது.

2

குதிரை எப்படி வந்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன். ஊரில் இதைப் படிக்கப்போகிறவர்களில் பாதிப் பேருக்கு நான் சொல்லி வைத்திருக்கும் கதை வேறு.

இங்கே ஒரு மருத்துவமனையின் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்கிறேன். குழாய்களை இயந்திரத்தில் வைப்பது, எண்களைப் பார்ப்பது, சந்தேகம் வந்தால் மறுபடி வைப்பது. பேசாமல் செய்யக்கூடிய வேலை. சிதம்பரத்தில் படித்த காலத்தில் நான் மேடையில் பேசுகிறவன், மாணவர் தேர்தலில் நின்றவன் என்று சொன்னால் இங்கே யாரும் நம்பமாட்டார்கள். வேலையில் சேர்ந்த புதிதில் ஒரு கூட்டத்தில், வெள்ளிக்கிழமை நான் 'அவுட் ஆஃப் ஸ்டேஷன்' என்றேன். எந்த ஸ்டேஷன் என்று ஒருவர் கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். கெட்ட சிரிப்பு இல்லை. ஆனாலும் அன்றிலிருந்து கூட்டங்களில் தலையாட்டுகிறவனாக ஆகிவிட்டேன். வீட்டிலும் அப்படித்தான். மின்சார ஆபீஸ், வங்கி, வாடகை ஏஜெண்ட் என்று யாரிடம் போனில் பேசவேண்டும் என்றாலும் என் மகள் இளமதிதான் பேசுவாள். பத்து வயதில் தொடங்கியது. அவள் குரலைக் கேட்டு, வீட்டில் பெரியவர்கள் இருக்கிறார்களா என்று கேட்பார்கள். பக்கத்தில் நிற்கிற என்னைப் பார்த்துக்கொண்டே, "வெளியே போயிருக்கார்" என்பாள்.

என் அப்பா பெயர் தண்டபாணி. இந்த ஊர் படிவங்களில் அதுதான் என் குடும்பப் பெயர். வாயில் நுழையவில்லை என்று என்னை 'டாண்டி' ஆக்கிவிட்டார்கள். ஐம்பது வயதுக்காரனை அவன் அப்பா பெயரை உடைத்துக் கூப்பிடுகிறார்கள், அவனும் திரும்பிப் பார்க்கிறான்.

கிரெக் என் கூடவே அதே கூடத்தில் வேலை செய்கிறவர். ஒருநாள் சாப்பாட்டு இடைவேளையில் என் எதிரே வந்து உட்கார்ந்து, "பத்துப் பேர் சேர்ந்து ஒரு பந்தயக் குதிரை வாங்குகிறோம். ஒன்பது பேர் ஆகிவிட்டார்கள். நீ வருகிறாயா?" என்றார்.

இங்கே இது சகஜம். ஒரு குதிரையைத் தனி ஆள் வாங்கி வளர்ப்பது கட்டாது. பத்துப் பேர், இருபது பேர் பங்கு போடுவார்கள். பயிற்சி, தீனி, லாடம், வைத்தியம் எல்லாம் மாதாமாதம் பிரிந்து வரும். ஜெயித்தால் பரிசும் அப்படியே பிரியும். எனக்கு அதெல்லாம் அப்போது தெரியாது. இந்த நாட்டுக்கு வந்து இத்தனை வருடத்தில் ஒரு மனிதர் என்னைப் பார்த்து 'நீ வருகிறாயா' என்று கேட்டது அதுதான் முதல் தடவை. வருகிறேன் என்றேன். எவ்வளவு என்பதைப் பிறகுதான் கேட்டேன்.

என் மனைவி சுமதி முதியோர் இல்லத்தில் நர்ஸ். "ஊர்ல ஒரு மாடு வாங்கி வுட்டிருந்தா பாலாவது கறந்திருக்கும்" என்றாள். அதற்கு மேல் அவள் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

பெண் குதிரை. செம்பழுப்பு நிறம், நெற்றியில் விரல் அகலத்துக்கு வெள்ளை. பெயர் வைக்க ஆளுக்கு ஒரு யோசனை அனுப்பச் சொன்னார்கள். நான் 'பிச்சாவரம்' என்று எழுதினேன். அதை எப்படி உச்சரிப்பது என்று ஒன்பது பேரும் கேட்பார்கள், நான் சொல்லிக் காட்டவேண்டும் என்று நினைத்ததும் அழித்துவிட்டேன். கடைசியில் 'செகண்ட் ஹெல்பிங்' என்று வைத்தார்கள். இரண்டாம் தடவை சோறு வாங்குவது என்று அர்த்தம். அதற்கும் தலையாட்டினேன்.

முதல் பந்தயத்தன்று அச்சடித்த புத்தகத்தில் உரிமையாளர்கள் பட்டியல் இருந்தது. கடைசிப் பெயர் ஆர். தண்டபாணி. என் அப்பா புலால் தொடாதவர். தைப்பூசத்துக்கு வடலூருக்கு நடந்தே போகிறவர். மாட்டை அடித்து ஓட்டுகிற வண்டியில் ஏறமாட்டார், நடந்துகொள்கிறேன் என்பார். அவர் பெயரைத்தான் பந்தயப் புத்தகத்தில் ஏற்றியிருந்தேன். அதைப் பெருமையாகப் படம் எடுத்துக் குடும்ப வாட்ஸப் குழுவில் போட்டேன்.

3

குதிரை ஆறு தடவை ஓடியது. ஒரு தடவை மூன்றாவதாக வந்தது. மற்றபடி கூட்டத்தோடு கூட்டமாக வந்து சேர்ந்தது. ஆனால் அது எனக்கு வேறு ஒன்றைக் கொடுத்தது.

இளமதிக்கு அப்போது பதினைந்து வயது. அறைக்கதவைச் சாத்திக்கொள்ளும் வயது. நான் தமிழில் கேட்டால் இங்கிலீஷில் ஒரு வார்த்தை பதில் வரும். 'ஃபைன்', 'லேட்டர்', 'வாட்எவர்'. ஒரு சனிக்கிழமை சுமதிக்கு வேலை, இளமதியை வீட்டில் தனியாக விட மனசில்லாமல் குதிரை இருந்த பயிற்சியாளரின் கொட்டடிக்குக் கூட்டிப்போனேன். குதிரை அவள் மேல்சட்டையின் ஜிப்பை உதட்டால் பிடித்துக் கீழே இழுத்தது. அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்து எனக்கு ரொம்ப நாள் ஆகியிருந்தது.

அதற்குப் பிறகு சனிக்கிழமை என்றால் ஐந்து மணிக்கே எழுந்து என் கதவைத் தட்டுவாள். ஒரு மணி நேரக் கார் பயணம். அந்த ஒரு மணி நேரமும் பேசுவாள். குதிரையை 'குட்டி' என்று கூப்பிட்டாள். கொட்டடியில் வேலை செய்த பெண்களும் குட்டி என்றே கூப்பிட ஆரம்பித்தார்கள். தமிழில் இதற்கு என்ன, அதற்கு என்ன என்று கேட்பாள். குளம்பு, லாடம், கடிவாளம், பிடரி. எனக்குத் தெரியாததை மாமாவிடம் கேட்போம். அவர் திருப்பாதிரிப்புலியூர் வீட்டு மாடியில் நின்றுகொண்டு குரல் செய்தி அனுப்புவார். "கொளம்புக்குள்ள ஈரம் நிக்கக் கூடாதும்மா. தொடச்சி வுடு. நம்ம கால் வெரல் இடுக்கு மாதிரிதான் அதுவும்." காரில் அதைப் போட்டுப் போட்டுக் கேட்பாள்.

மாமாவுக்கு அவளைவிட ஆர்வம். சர்வீஸ் முழுக்க மாடு, ஆடு, கோழி பார்த்தவர். பந்தயக் குதிரையைத் தொட்டதே இல்லை.

4

இரண்டு வருடத்துக்கு முன் ஊருக்கு வந்திருந்தேன். மாமா மகன் கல்யாணம் கடலூரில். அதோடு சிதம்பரத்தில் எங்கள் வீட்டு விஷயமாக, அம்மா இறந்த பிறகு எடுக்காமல் விட்டிருந்த வாரிசுச் சான்றிதழையும் வாங்கவேண்டியிருந்தது. இளமதிக்குப் பரீட்சை. அவளும் சுமதியும் மெல்பர்னில் தங்கிவிட்டார்கள்.

மண்டப வாசலில் மாப்பிள்ளையின் சிநேகிதர்கள் பன்னிரண்டு அடிக்கு ஒரு ஃபிளெக்ஸ் கட்டியிருந்தார்கள். அதில் என் படம், பக்கத்தில் குட்டியின் படம். கீழே 'ஆஸ்திரேலியா குதிரை அதிபர் மாமா ரவிச்சந்திரன் அவர்களே வருக'. எனக்கு இருப்பது பத்தில் ஒரு பங்குதான் என்று யாரிடமும் சொல்லவில்லை. அத்தனை பேர் கைகொடுத்தார்கள். ஒருவர் தன் பையனையும் இந்தத் தொழிலில் இழுத்துவிடச் சொன்னார். பார்க்கலாம் என்றேன்.

கல்யாணம் முடிந்த நான்காம் நாள் மாமாவும் நானும் பஸ் பிடித்துச் சிதம்பரம் தாலுகா ஆபீசுக்குப் போனோம். கவுண்டரில் இருந்தவர் என் காகிதங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"இதுல தண்டபாணி யாரு சார்?"

"எங்கப்பா."

"அவரு எறந்துட்டாருன்னு மனுவுல எழுதியிருக்கீங்க. பாஸ்போர்ட்டு அவரு பேர்ல இருக்குது."

அது குடும்பப் பெயர், அங்கே அப்படித்தான் போடுவார்கள் என்று விளக்கினேன். பள்ளிச் சான்றிதழில் டி. ரவிச்சந்திரன், ரேஷன் கார்டில் ரவி, பாஸ்போர்ட்டில் ரவிச்சந்திரன் தண்டபாணி. மூன்றும் ஒரே ஆள்தான் என்று எழுதிக் கொடுங்கள், உள்ளே கேட்டுவிட்டுக் கூப்பிடுகிறேன் என்றார். எழுதிக் கொடுத்துவிட்டுப் பெஞ்சில் உட்கார்ந்தோம். மணி பத்தேகால். போனை எடுத்தேன். கிரெக்கிடமிருந்து மெயில் வந்திருந்தது.

அன்று காலைப் பயிற்சியில் குட்டிக்கு முன்னங்கால் எலும்பு முறிந்துவிட்டது. எக்ஸ்ரே படம் இணைத்திருந்தார்கள். மருத்துவர் இரண்டு வழி எழுதியிருந்தார். ஏ: அறுவை செய்து திருகாணி போட்டு, ஆறு மாதம் கொட்டடியிலேயே வைத்துப் பார்ப்பது. பிழைக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது, ஆனால் மறுபடி ஓடுமா என்று சொல்லமுடியாது. பி: இன்றே வலியில்லாமல் முடித்துவிடுவது. பத்துப் பேரும் மாலை ஐந்து மணிக்குள் ஏ அல்லது பி என்று பதில் போடவேண்டும். சந்தேகம் இருந்தால் கிரெக்குக்குப் போன் செய்யலாம். ஐந்து மணி என்றால் எங்களுக்குப் பதினொன்றரை.

மாமா என் கையிலிருந்து போனை வாங்கினார். எக்ஸ்ரேயை இரண்டு விரலால் பெரிதாக்கிப் பார்த்தார். மருத்துவர் எழுதியிருந்ததையும் உதட்டை அசைத்து மெல்லப் படித்தார்.

"நெடுக்கத்துல விரிஞ்சிருக்குது மச்சான். தூள் தூளா ஒடஞ்சாதான் கஷ்டம். இது நிக்கும்னுதான் தோணுது. டாக்டரும் ஆபரேசனத்தான மொதல்ல எழுதியிருக்காரு. போன் பண்ணிக் கேளு. வலி எவ்வளவு இருக்குது, நிக்குதா, படுத்துடுச்சா, கேளு. கேட்டுட்டு முடிவு பண்ணு."

போனை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். வாசலில் மனு எழுதுகிறவர்கள் மேசை போட்டு உட்கார்ந்திருந்தார்கள். சுவரோரம் நிழலில் நின்று கிரெக் நம்பரை எடுத்தேன். என்ன பேசுவது என்று மனசுக்குள் இங்கிலீஷில் சொல்லிப் பார்த்தேன். 'எலும்பு நெடுக்கில் விரிந்திருக்கிறது' என்பதை எப்படிச் சொல்வது? அவர் எதிர்க்கேள்வி கேட்டால்? பக்கத்தில் மற்றவர்களும் இருந்து, ஸ்பீக்கரில் போட்டால்?

அதற்குள் மெயில்கள் வந்துகொண்டே இருந்தன. எங்களில் ஒருவர் ஓய்வு பெற்ற வக்கீல், எல்லோரும் மதிக்கிறவர். நீளமாக எழுதி, அவளுக்கு நாம் செய்யக்கூடிய கருணை இதுதான், பி என்று முடித்திருந்தார். அவருக்குக் கீழே வரிசையாக இன்னும் மூன்று பி. இரண்டு ஏ. அந்த வரிசையில் என் கேள்வி மட்டும் தனியாக, தப்பும் தவறுமாக நிற்பதை நினைத்துப் பார்த்தேன்.

பி என்று ஒரு எழுத்தைத் தட்டி அனுப்பினேன்.

உள்ளே போனதும் மாமா நிமிர்ந்து பார்த்தார். அந்த முகத்தைப் பார்த்து என்னால் சொல்ல முடியவில்லை. "பேசிட்டேன் மாமா. ஆபரேசன் பண்றாங்க" என்றேன்.

"நல்ல வேல செஞ்ச" என்று என் தொடையில் தட்டினார். கவுண்டரில் என் பெயரைக் கூப்பிட்டார்கள். தண்டபாணி என்றுதான் கூப்பிட்டார்கள்.

5

சாயங்காலம் இளமதி கூப்பிட்டாள். அழுது முடித்த குரல். ஆறுக்கு நாலு என்று முடிவாகி, மெல்பர்னில் இருட்டுவதற்குள் முடித்துவிட்டார்கள். கொட்டடியில் வேலை செய்யும் பெண் அவளுக்குச் சொல்லியிருக்கிறாள்.

"நீ என்னப்பா போட்ட?"

"'ஏ'தாம்மா போட்டேன். மத்தவங்க ஒத்துக்கல."

"தெரியும்" என்றாள். "எனக்குத் தெரியும்ப்பா."

ஆறுக்கு நாலு. நான் ஏ போட்டிருந்தால் ஐந்துக்கு ஐந்து. அப்போது கிரெக் மருத்துவரைத்தான் கேட்டிருப்பார். இந்தக் கணக்கை எத்தனை தடவை போட்டேன் என்று சொல்லமுடியாது.

மாமா அதற்குப் பிறகு ஒவ்வொரு தடவை போனில் பேசும்போதும், குதிரை எப்படி இருக்குது என்பார். நல்லா இருக்கு மாமா, புல்வெளியில விட்டிருக்காங்க என்பேன். கொளம்ப பாக்கச் சொல்லு என்பார். சரி என்பேன். குட்டி போன பிறகு இளமதி அவருக்குக் குரல் செய்தி அனுப்புவதை நிறுத்தியிருந்தாள்.

இளமதி பள்ளி முடித்ததும் கால்நடை செவிலியர் படிப்புக்கு விண்ணப்பித்தாள். ஏன் இந்தப் படிப்பு என்று ஒரு பக்கம் எழுதித் தரவேண்டும். எழுதிவிட்டு என்னிடம் படிக்கக் கொடுத்தாள். குட்டியைப் பற்றி எழுதியிருந்தாள். உலகத்தின் இன்னொரு மூலையில் இருந்தபோதும் தன் அப்பா அந்தக் குதிரைக்காகக் கை தூக்கினார் என்றும், தோற்கும் பக்கம் நிற்பது என்றால் என்னவென்று அவரிடம்தான் கற்றுக்கொண்டதாகவும் எழுதியிருந்தாள்.

நல்லா இருக்கும்மா என்று திருப்பிக் கொடுத்தேன். அவளுக்கு இடம் கிடைத்தது.

6

மாமா வந்த மூன்றாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. சுமதி வேலைக்குப் போயிருந்தாள். நான் வத்தக்குழம்பு வைத்து, அப்பளம் பொரித்திருந்தேன். மாமாவும் இளமதியும் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். இந்த இரண்டு பேரையும் தனியாகப் பேசவிடாமல் அந்த மூன்று நாளை ஓட்டியிருந்தேன்.

"என்னம்மா, குதிரைய எப்ப காட்டப்போற?" என்றார் மாமா.

"எந்தக் குதிர மாமா?"

"ஒங்க குட்டிதான். கால் ஆபரேசன் பண்ணுச்சே."

இளமதி ஸ்பூனைக் கீழே வைத்தாள். என்னைப் பார்க்கவில்லை. அவரைத்தான் பார்த்தாள். மாமாவுக்குத் தெரியாதே என்று அவள் முகத்தில் வருத்தம் வந்தது.

"அது செத்துப்போச்சு மாமா. அன்னிக்கே. ஆபரேஷன் பண்ணல." அவள் தமிழ் அங்கங்கே நின்று நின்று வந்தது. "அப்பா காப்பாத்தணும்னுதான் சொன்னாரு. ஆனா சிக்ஸ் பீப்பிள் வேணாம்னு சொல்லிட்டாங்க. அப்பா ஒங்ககிட்ட சொல்லலையா?"

மாமா கையில் பிசைந்த சோறு இருந்தது. அதை அப்படியே தட்டில் வைத்தார். என்னைப் பார்த்தார். கோபம் இல்லை. ஒரு எண்ணிக்கையைச் சரிபார்க்கிற மாதிரி பார்த்தார், அவ்வளவுதான்.

"நீங்கதான அன்னிக்கு அப்பாகூட இருந்தீங்க மாமா? அப்பா அவுங்ககிட்ட பேசினாரா?"

நான் தண்ணீர்க் குவளையை எடுத்தேன். 

"பேசுனாரும்மா" என்றார் மாமா. "ரொம்ப நேரம் பேசுனாரு. எனக்குத்தான் இங்கிலீசு வெளங்கல. ஆபரேசன்னு காதுல வுழுந்துச்சு, பண்ணிட்டாங்கன்னு நானே நெனச்சிக்கிட்டேன். இத்தன நாளும் அப்பிடியே நெனச்சிருக்கேன். வயசாச்சில்ல."

இளமதி எழுந்து போய் அவர் தோளில் கைவைத்தாள். "சாரி மாமா" என்றாள்.

அவர் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அதற்கு மேல் சாப்பிடவில்லை.

7

பின்பக்கத் தோட்டத்தில் துணி காயப்போடும் கம்பியருகே நின்றுகொண்டிருந்தார். போய்ப் பக்கத்தில் நின்றேன். மாமா என்று ஆரம்பித்தேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"நீ பிதான் போட்டிருப்பன்னு தெரியுது. அது தப்புன்னு நான் சொல்லல. எத்தினி மாட்டுக்கு நானே ஊசி போட்டு அனுப்பியிருக்கேன். சில நேரம் அதான் சரி. இங்க எக்ஸ்ரேல தெரியாதது அங்க நேர்ல தெரிஞ்சிருக்கும்."

கம்பியில் கிடந்த துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார்.

"அன்னிக்கி நீ வெளிய நின்னத ஜன்னல் வழியா பாத்துக்கிட்டுதான் இருந்தேன் மச்சான். போன நீ காதுல வைக்கவே இல்ல. சரி, இப்பல்லாம் வெரல்லயே பேசிக்கிறாங்களேன்னு நெனச்சேன். நீ வந்து பேசிட்டேன்னு சொன்ன, நம்பிட்டேன். சந்தேகப்படத் தோணல."

"தப்புதான் மாமா."

"இப்ப நானும் ஒரு பொய் சொல்லிட்டேன். அந்தப் புள்ளகிட்ட." முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டார். "எனக்கு இது பழக்கமில்ல. சோறு எறங்கல."

விமான நிலையத்தில் இரண்டு மணி நேரம் உட்கார வைத்தாலும் ஒரு கட்டத்தில்கூடப் பொய் டிக் அடிக்காத மனிதர். இங்கிலீஷ் அறிக்கையை வரி வரியாகப் படித்த மனிதர். என் மகள் முன்னால் நான் சின்னவனாகிவிடக் கூடாது என்று, தனக்கு இங்கிலீஷ் விளங்கவில்லை என்று சொல்லிவிட்டார். எனக்கு இருந்த குறையை எடுத்துத் தன் மேல் போட்டுக்கொண்டார்.   படியில் உட்கார்ந்தேன்.

"அவகிட்ட சொல்லிடுறேன்" என்றேன்.

"என்னையும் சேத்து சொல்லு" என்றார்.

8

மறுநாள் காலை இளமதி வகுப்புக்குக் கிளம்பி, சமையலறையில் நின்றபடி ரொட்டி தின்றுகொண்டிருந்தாள். மாமா எழுந்து குளித்துக்கொண்டிருந்தார். நான் சொன்னேன். பி என்று போட்டது, போன் செய்யாதது, அவளிடம் சொன்ன பொய், மாமாவிடம் சொன்ன பொய், மாமா எனக்காகச் சொன்னது. தமிழில்தான் சொன்னேன். ஒரு வார்த்தைகூட அவளுக்குப் புரியாமல் போகவில்லை.

அவள் அழவில்லை. ரொட்டித் துண்டைக் குப்பைக்கூடையில் போட்டாள்.

"ஏன் போன் பண்ணல?"

"அவங்ககிட்ட பேச வெக்கமா இருந்துச்சு."

"என்னைக் கூப்பிட்டிருக்கலாமே" என்றாள். பிறகு இங்கிலீஷுக்கு மாறினாள். அன்றைக்கு அந்த நேரத்தில் தான் பள்ளியிலிருந்து வந்து வீட்டில்தான் இருந்ததாகச் சொன்னாள். பத்து வயதிலிருந்து உங்களுக்காக எல்லோரிடமும் நான்தானே பேசுகிறேன், அன்றைக்கும் பேசியிருப்பேனே என்றாள். குரல் உயரவே இல்லை.

அவளைக் கூப்பிடலாம் என்று அந்தச் சுவரோர நிழலில் எனக்குத் தோன்றாமல் இல்லை. தோன்றியது. கூப்பிட்டால் அவள் விடமாட்டாள், ஆறு மாதம் இழுக்கும், ஓடாத குதிரைக்கு மாதாமாதம் பில் வரும், சுமதி முகத்தைப் பார்க்கவேண்டும், எல்லாம் இன்றோடு முடிந்தால் தேவலை என்றும் தோன்றியது. இதையும் அவளிடம் சொன்னேன். இதைச் சொல்லாவிட்டால் மற்றதைச் சொன்னதற்கு அர்த்தமில்லை. இங்கே எழுதுவதும் அதனால்தான். கடலூர் மண்டபத்தில் என் கையைக் குலுக்கியவர்கள் இதையும் தெரிந்துகொள்ளட்டும்.

"அந்த அப்ளிகேஷன்ல எழுதினது" என்று ஆரம்பித்தாள். முடிக்கவில்லை. பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

நான்கு நாள் அவள் என்னோடு பேசவில்லை. மாமாவோடு பேசினாள். அவள் வகுப்புப் புத்தகத்தில் இருந்த எலும்புப் படங்களை இரண்டு பேரும் கூடத்தில் விரித்து வைத்துப் பார்த்தார்கள். நான் போனால் பேச்சு நிற்காது, ஆனால் சத்தம் குறையும். மாமா தன் பொய்க்கு அவளிடம் மன்னிப்புக் கேட்டதாகப் பின்னால் தெரிந்தது. அவள் என்ன சொன்னாள் என்று அவர் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை மாலை என் முன்னால் வந்து நின்றாள். மாமாவுக்குக் குதிரைகளைக் காட்டவேண்டும், நாளைக்கு நானே கார் ஓட்டுகிறேன் என்றாள். கொட்டடிக்குச் சொல்லி அனுமதி வாங்கவேண்டும். போனை எடுத்து நம்பரைத் தட்டி என்னிடம் நீட்டினாள்.

"நீயே பேசேன்ம்மா" என்றேன், பழக்கத்தில்.

"நீங்க பேசுங்க" என்றாள்.

மணி அடித்தது. பயிற்சியாளரின் மனைவி எடுத்தார். நான் யார் என்று சொன்னேன். டாண்டி என்று சொல்லவில்லை. தண்டபாணி என்று முழுதாகச் சொன்னேன். இரண்டு தடவை சொல்லவேண்டியிருந்தது. என் அக்கா வீட்டுக்காரர் இந்தியாவிலிருந்து வந்திருக்கிறார், கால்நடை வைத்தியத்தில் இருந்தவர், குதிரைகளைப் பார்க்க ஆசைப்படுகிறார் என்றேன். நடுவில் ஒரு வார்த்தை வராமல் நின்றது. அவர் காத்திருந்தார். வேறு வார்த்தை போட்டு முடித்தேன். தாராளமாக வரச் சொல்லுங்கள், எத்தனை பேர் என்று கேட்டார்.

மூன்று என்பது வாய்வரை வந்துவிட்டது. நிமிர்ந்து இளமதியைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்த்துக்கொண்டே இரண்டு விரலைக் காட்டினாள்.

இரண்டு பேர் என்றேன்.